அடிச்சிட்டு எழுதுங்க சார்

சிறப்பாசிரியர்களாகப் புதிதாகப் பணியில் சேர்ந்த உங்கள் கையில் ஒரு கட்டு அட்டைகளைத் திணித்திருப்பார்கள். சிரிக்கிற முகம், அழுகிற முகம், கோபமான முகம், வாயைப் பிளந்து ஆச்சரியப்படுகிற முகம். மாணவரிடம் காட்டி, இவர் மனசில் என்ன இருக்கிறது என்று கேட்கச் சொல்லியிருப்பார்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த அட்டையில் இருக்கிற மாதிரி ஆரணியில் யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் கோபம் வந்தால் “சரி விடுங்க” என்று சொல்லிவிட்டு ஒரு மாசம் பேசமாட்டார்கள். அதற்கு யாரும் அட்டை அச்சடித்துத் தரவில்லை.

நான் இந்த வட்டாரத்தில் சிறப்பாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆட்டிசம் உள்ள உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிறரோடு பழகவும், தங்கள் மனசில் ஓடுவதைத் தாங்களே தெரிந்துகொள்ளவும், அதைச் சொல்லவும் கற்றுத்தருவது என் வேலையாக இருந்தது. அரசாங்கத் தாள்களில் இந்தப் பிள்ளைகளைப் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று எழுதுவார்கள். அப்படி எழுதியவர் எங்கள் பூர்ணிமாவைப் பார்த்திருக்கவே மாட்டார். பயிற்சி முறைகள் எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், அவற்றில் நான் கை வைக்கப்போவதில்லை. பூர்ணிமாவின் பத்தாம் வகுப்புத் தேர்வைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அவள் அப்பா பட்டுத்தறி நெய்கிறவர். அம்மா செல்வி, அந்தத் தறிக்குத் தார் சுற்றுகிறவள். அதாவது நெய்வதற்கான நூலைக் குழலில் சுற்றித் தருகிறவள். பூர்ணிமா அரசுப் பெண்கள் பள்ளியில் படித்தாள். கேட்டால் மட்டும் பேசுவாள். பேசினால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசியில் ஒரு ‘ங்க’ போடுவாள். பூனைக்குக்கூட ‘ங்க’தான். ஆள் மெதுவு. கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நாம் இன்னொரு கேள்வி கேட்டுவிடுவோம், அதோடு முதல் பதில் உள்ளேயே போய்விடும். காத்திருந்தால் வரும்.

சொல்லிக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொள்வாள். பெரியவர்களைப் பார்த்தால் வணக்கம் சொல்ல வேண்டும் என்று ஒருமுறை சொல்லிக் கொடுத்துப் பழகுவதற்காகப் பஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அந்த நேரம் பார்த்துச் செய்யாறு கம்பெனி பஸ் வந்து நின்றது. ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் இறங்கிய ஒவ்வொருவருக்கும், படிக்கட்டுப் பக்கத்தில் நின்று, கைகூப்பி வணக்கம் சொன்னாள். முதலில் இறங்கியவர்கள் பயந்துபோனார்கள். பின்னால் வந்தவர்கள் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியாக இறங்கிய டிரைவர், “இன்னா டீச்சர், எலெக்‌ஷனா?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றைக்கு அவள் மேல் வந்த பிரியம் பிறகு குறையவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் செல்லம். “தொந்தரவே இல்லாத பொண்ணு” என்பார்கள். நீங்கள் இந்த வேலையில் இருக்கிற வரைக்கும் இந்தச் சொல்லைக் கேட்டால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். தொந்தரவே இல்லாத பிள்ளையிடம் என்னமோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

விட்டுப்போனது என்ன என்று மாதிரித் தேர்வில் தெரிந்தது. இந்தப் பிள்ளைகள் பொதுத்தேர்வில் வாயால் பதில் சொல்லலாம், எழுதித் தர ஒரு ஆசிரியரைப் போடுவார்கள். பழகட்டும் என்று நான் உட்கார்ந்து எழுதினேன். அவள் ‘பாலாறு’ என்று சொன்னாள். யாரோ கூப்பிட்டதில் கவனம் சிதறி நான் ‘காவிரி’ என்று எழுதிவிட்டேன். அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

“ஏம்மா, நீ சொன்னது வேற, நான் எழுதினது வேற. சொல்லக் கூடாதா?”

“டீச்சர் எழுதினா சரிங்க.”

எனக்குத் தேர்வுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. பதினாறு வயசுப் பெண். வயசில் மூத்த யார் எது சொன்னாலும் ‘சரிங்க’ என்று நிற்பாள் என்றால், நாளைக்குப் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருகிறவன் சொல்வதற்கும் அதேதானே பதில்? நாம் எல்லோரும் சேர்ந்து இந்தப் பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்லவும், சிரிக்கவும், சொன்னபடி உட்காரவும் கற்றுத்தருகிறோம். மறுத்துப் பேச மட்டும் யாரும் கற்றுத்தருவதில்லை. நமக்கும் அது வசதியாக இருக்கிறது.

அதனால் ஒரு விளையாட்டு ஆரம்பித்தோம். நான் வேண்டுமென்றே தப்புச் செய்வேன், அவள் என்னை நிறுத்த வேண்டும். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தேன். அவளை வேறு பேரில் கூப்பிட்டேன். கரும்பலகையில் ஞாயிற்றுக்கிழமை என்று எழுதினேன். முதலில் அவளுக்கு அது பெரிய வேதனை. துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டிருப்பாள். வாயிலிருந்து வராது என்று தெரிந்ததும் கையால் நிறுத்தச் சொன்னேன். நான் தப்பாக எழுதினால் தாளின் மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும். அது வந்தது. பிறகு ஒருநாள் கையோடு சேர்ந்து வாயும் திறந்தது. “இல்லீங்க. அது இல்லீங்க.” அந்த ‘ங்க’தான் அவளுக்குத் தைரியம் கொடுத்தது என்று நினைக்கிறேன். மரியாதை போகாமல் மறுக்கலாம் என்பது தெரிந்ததும் அவளைப் பிடிக்க முடியவில்லை.

நிஜமாகவே பிடிக்க முடியவில்லை. ரெண்டு வாரத்தில் செல்வி மூச்சு வாங்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றாள்.

“இன்னா டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க? முதலாளி வந்துட்டுப் போனாரு. அவரு நூல்லதான் நாங்க நெய்யறது. ‘சேலை லேட்டாய்டுச்சே’ன்னாரு. அவ்ளோதான் டீச்சர். இவ போயி அவரு முன்னாடி கைய நீட்டிகினு நிக்கிறா. ‘இல்லீங்க, நூலு லேட்டா வந்துச்சுங்க’ன்றா. எங்க நாத்தனாகிட்டயும் அப்டிதான், எதிர்வூட்டு அக்காகிட்டயும் அப்டிதான். ஒரே பேஜாரு. இத நிறுத்திடுங்க.”

சாயந்திரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பூர்ணிமாவின் அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். திட்டு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன். வேட்டியில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டார். அப்புறம், “நூலு லேட்டாத்தான் வந்துச்சு டீச்சர். நான்தான் சொல்லல” என்றார். செல்வி அவரை முறைத்தாள். அவர், “சொல்லிக் குடுங்க. எப்ப சொல்லணும்னும் சேத்துச் சொல்லிக் குடுங்க” என்று சொல்லிவிட்டு மறுபடி தறியில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் அந்த இரண்டாவதைக் கற்றுத்தரத் தேர்வு வரைக்கும் முயன்றேன். எனக்கே சரியாக வராத விஷயம் அது, பாதிதான் முடிந்தது.

தேர்வு வந்தது. முதல் நாள் தமிழ். பூர்ணிமாவுக்குத் தனி அறை, கூடுதல் நேரம், எழுதித்தர ஒரு சார். சந்தவாசல் பக்கத்துப் பள்ளியிலிருந்து தேர்வு வேலைக்கு வந்தவர். எல்லாத் தேர்வுக்கும் அவரே எழுதுவார் என்றார்கள். நல்ல மனிதர் என்பது பார்த்தாலே தெரிந்தது. “பயப்படாதம்மா, நான் இருக்கேன்” என்று சொல்லி அவளை அழைத்துப் போனார். நானும் செல்வியும் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றோம்.

கூடுதல் நேரத்தைத் தொடாமலே வெளியே வந்துவிட்டார்கள். சார் சிரித்துக்கொண்டே வந்தார். “ரொம்ப நல்ல பொண்ணு. தொந்தரவே இல்ல” என்றார். நான் அவரைத் தாண்டி அவளிடம் போனேன்.

“பூர்ணிமா, பதில் யார் சொன்னது?”

காத்திருந்தேன். “கொஞ்சம் நானுங்க. மிச்சம் சாருங்க.”

“மிச்சம்னா?”

“நான் யோசிக்கும்போதே சார் எழுதிட்டாருங்க.”

“கை வைக்கக் கூடாதாம்மா? இத்தனை நாள் பழகினோமே.”

இந்த இடத்தில் அவள் சொன்னதைக் கவனியுங்கள். “சார் எழுதினது சரிங்க. தப்பு இல்லீங்க.”

 அவள் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. தப்பைத் தடுக்கத்தான் அவளுக்குப் பழக்கியிருந்தோம். ஒருவர் அன்பாக, சரியாக, அவளுக்குப் பதிலாக எல்லாவற்றையும் செய்துவிட்டால் என்ன செய்வது என்பது எங்கள் விளையாட்டில் வரவே இல்லை. ஆனால் அவள் முகம் தொங்கிப்போயிருந்தது. அந்த முகத்துக்கும் அட்டை கிடையாது. கொஞ்சம் பொறுத்து அவளே, “நான் சொல்லலீங்க. நான் படிச்சேங்க” என்றாள்.

செல்விக்கோ சந்தோஷம் பிடிபடவில்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அவளுக்குக் கோபமும் வந்தது. “நல்ல மனுசன் டீச்சர் அவரு. எழுதிட்டுப் போவட்டுமே. பாஸானாத்தான் பதினொண்ணு. ஃபெயிலாயிட்டா இவ தார் சுத்திகினு வூட்டுலயே கெடக்க வேண்டியதுதான். எங்க வூட்டுல அப்பிடித்தான் பேசி வெச்சிருக்காங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், கெடுத்துடாதீங்க.”

அவள் சொன்னதும் பொய்யில்லை. அந்தப் பெண் பள்ளிக்கூடத்துக்குத் தொடர்ந்து வருவாளா, நான்கு சுவருக்குள் போய்விடுவாளா என்பது அந்த மார்க்கில்தான் இருந்தது. தேர்வு அதிகாரியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சட்டப்படி அதுதான் சரி. உங்களில் சிலர் அதைத்தான் செய்வீர்கள், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சாரை மாற்றினால் புது ஆள் வருவார், புது ஆள் முன்னால் பூர்ணிமாவின் வாய் ஒரு வாரத்துக்குத் திறக்காது. விசாரணை என்று நாலு பேர் சுற்றி நின்று கேள்வி கேட்டால் அவ்வளவுதான், மீதித் தேர்வு போயிற்று. பேசாமல் விட்டால் பாஸ். அவள் படித்தது மட்டும் அவளோடு நின்றுவிடும்.

முடிவு என்னுடையது இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவளை உட்காரவைத்துச் சொன்னேன். சார் எழுதினால் நிறைய மார்க் வரலாம். நீ சொன்னால் குறையலாம், ஃபெயில்கூட ஆகலாம், ஃபெயில் ஆனால் பதினொன்றாவது இல்லை. உனக்கு எது வேண்டும்? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இந்த வேலையில் மிகக் கஷ்டமான காரியம் அதுதான். செல்வி பக்கத்தில் முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

“நான் சொல்லணுங்க” என்றாள் பூர்ணிமா.

இந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்திலிருந்து விலக்கு உண்டு என்பதால் அடுத்த தேர்வுக்கு நடுவில் சில நாள் இருந்தது. ‘தப்பு’ என்பதை விட்டுவிட்டு ‘என்னுடையது இல்லை’ என்பதைப் பழக்க வேண்டும். எனக்கு வேறு வழி தோன்றவில்லை, ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். என்ன வேண்டும் என்று கேட்டேன். இட்லி என்றாள். நான் போய் அவளுக்குப் பிரியாணி வாங்கி வந்து வைத்தேன். ஆரணியில் பிரியாணியை வேண்டாம் என்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அவளுக்கும் ரொம்பப் பிடிக்கும்.

“பிரியாணி நல்லாருக்குமா?”

“நல்லாருக்குங்க.”

“நீ கேட்டதா?”

“இல்லீங்க.”

“அப்போ?”

தட்டைப் பார்த்தாள். வாசனை வேறு. அவளைவிட எனக்குத்தான் அதிகமாக நாக்கில் எச்சில் ஊறியது. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டை மெல்ல என் பக்கம் தள்ளினாள். “நல்லாருக்குங்க. நான் கேட்டது இட்லிங்க.” நான் எழுந்து போய் இட்லி வாங்கி வந்தேன். பிரியாணியை நான் சாப்பிட்டேன். மறுநாளும் அதையே செய்தோம், அதற்கடுத்த நாளும் செய்தோம். என் சர்க்கரை வியாதிக்கு நல்லதில்லைதான், ஆனால் கடமை என்று ஒன்று இருக்கிறதே.

அடுத்தது சமூக அறிவியல். அன்று காலையில் கேட் பக்கத்திலேயே சாரைப் பிடித்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

“நான் நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன். பாவம், அந்தப் பொண்ணு.”

“பாவம் இல்ல சார். மெதுவாப் பேசுவா. அவ்ளோதான்.”

“பதில் தப்பாச் சொன்னா? பாத்துகினு சும்மா இருக்கச் சொல்றீங்களா?”

“ஆமா சார்.”

“வாத்தியாரா இருந்துகினு நீங்களே இப்படிச் சொல்றீங்களே!” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். பூர்ணிமா அவர் பின்னால் போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தேர்வு முடிகிற மணி அடித்தது. மற்றப் பெண்கள் எல்லாம் கூச்சலும் சிரிப்புமாக வெளியே வந்து கேள்வித்தாளை அலசிவிட்டுக் கலைந்து போனார்கள். பூர்ணிமா வரவில்லை. அது எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது. செல்விக்குக் கெட்ட சகுனமாகப் பட்டது. “இன்னா டீச்சர் ஆச்சு, இன்னா ஆச்சு” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கூடுதல் நேரமும் ஓடியது. பிறகு அவள் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். ஆரணிக்காரியின் உண்மையான கோபம் அது.  ஒரு பெண்ணின் படிப்பை என் பிடிவாதத்தால் பாழாக்கிவிட்டேனோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

கடைசியில் இரண்டு பேரும் வந்தார்கள். சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நேராக என் முன்னால் வந்து நின்றார்.

“இன்னா டீச்சர் பொண்ணு இது! ரெண்டாவது கேள்வியிலயே பேப்பர் மேல கைய வெச்சிட்டா. ‘நான் எழுதினது சரிம்மா’ன்றேன். ‘சரிங்க சார். நான் சொல்லலீங்க. அடிச்சிட்டு எழுதுங்க சார்’ன்றா. இன்னா சொல்லணும்னு கேட்டா, பேசல. ஒக்காந்துகினே இருக்கேன். நான் வாயத் தொறந்தா கைய வெச்சிடுறா. சரி, ஒக்காருவோம்னு ஒக்காந்தேன். வந்துச்சு டீச்சர் பதிலு, ஒவ்வொண்ணா வந்துச்சு. ஒரு கேள்விக்கு நான் சரியா எழுதிட்டேன், அவ தப்பாச் சொல்றா. ‘தப்பும்மா’ன்னு கண்ணால சொல்லிப் பாத்தேன், அவளுக்குக் கண்ணு பாஷை புரியல. அடிச்சேன். சரியான பதில அடிச்சுட்டுத் தப்ப எழுதினேன். இத்தன வருச சர்வீசுல இந்த மாதிரி ஒரு வேல நான் பாத்ததே இல்ல.”

சொல்லி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பூர்ணிமா அவருக்குக் கைகூப்பி வணக்கம் சொன்னாள். அவரும் சொன்னார். செல்வி மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கணக்கும் அறிவியலும் அப்படியே நடந்தன. அந்தச் சார் ஒவ்வொரு நாளும் வியர்த்துப்போய் வந்தார்.

தேர்வு முடிவு வந்த அன்று செல்வி எனக்குப் போன் செய்யவில்லை. நானே கிளம்பிப் போனேன். தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது. கையில் ஜிலேபிப் பெட்டியோடு எதிர்வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பாஸ். பூர்ணிமா கணக்கில் மயிரிழையில் தப்பித்திருந்தாள், சமூக அறிவியலில் பாதிக்கும் கொஞ்சம் கீழே. தமிழில் மட்டும் தெருவே மூக்கில் விரல் வைக்கிற மார்க். செல்வி அந்தத் தமிழ் மார்க்கைத்தான் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் என் வாயில் ஒரு ஜிலேபியைத் திணித்தாள். எனக்கும் அழுகை வந்தது, வாயில் ஜிலேபி இருந்ததால் சத்தம் வரவில்லை.

பூர்ணிமா மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய், “சந்தோஷமா?” என்று கேட்டேன். காத்திருந்தேன்.

“சோசியல் என்னுதுங்க. கணக்கு என்னுதுங்க. சயின்ஸ் என்னுதுங்க” என்றாள். பிறகு, “தமிழ் எப்பங்க எழுதறது?”

“தமிழ்லதாம்மா நீ ஃபர்ஸ்ட்டு.”

“அது நான் எழுதலீங்க. மறுபடி எப்பங்க?”

வெளியே செல்வி பக்கத்து வீட்டில் அந்த மார்க்கைச் சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் காதில் விழுந்தது. எத்தனையோ பயிற்சிக்குப் போயிருக்கிறேன், எத்தனையோ பேருக்குப் பயிற்சி கொடுத்தும் இருக்கிறேன். அந்தக் கேள்வி எதிலும் வந்ததில்லை. பாஸான பாடத்தை மறுபடி எழுத விடமாட்டார்கள் என்று அவளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. கடைசியில், “பதினொண்ணுலயும் தமிழ் இருக்கும்மா. அத நீயே சொல்லி எழுதிடு” என்றேன்.

யோசித்தாள். “சரிங்க.”

“வேற சாரா வரச் சொல்லிக் கேக்கலாம். நல்லா பொறுமையான ஆளாப் பாத்து.”

இதற்கு அவள் யோசிக்கவே இல்லை. நான் அவளை அறிந்த இத்தனை காலத்தில் கேட்ட உடனே வந்த பதில் இது ஒன்றுதான்.

“அந்த சாரே வரட்டுங்க. அவரு இப்பத்தான் கத்துகினாருங்க.”